முக்காலி கேட்டார்கள், மேடை கட்டினேன்

நான் கட்டியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நீங்கள் அதற்குள் டீ குடிக்கப் போயிருப்பீர்கள்.

ஒரு இரும்பு ஆணிகூட இல்லாத வீட்டைக் கொல்லிமலை மேல் கட்டினேன். கதவுக்குக் கீல் மரம், தாழ்ப்பாள் மூங்கில், ஆணிக்குப் பதில் பலா மரத்து முளை. கரண்டு கம்பம் எட்டிப் பார்க்காத ஊரில், காலால் மிதிக்கிற கடைசல் எந்திரத்தில் பித்தளை கடைந்தேன். ஒரு முழம் சதுரத்தில் பெட்டி செய்து, எந்த மூலை கனம் எந்த மூலை லேசு என்று எந்தப் பெரிய படிப்பாளியும் கண்டுபிடிக்க முடியாதபடி எடையைச் சமப்படுத்திக் கொடுத்தேன். அதைத் தொங்கவிட முறுக்கே இல்லாத பட்டு நூலை நெசவுக்காரர்களிடம் சண்டை போட்டு வாங்கிவந்தேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கணக்கு வாத்தியார் வந்த நாட்களில் நான் போகவில்லை.

இவை போக, பதினொரு டிகிரி பிழை ஒன்றையும் என் கையாலேயே கட்டினேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதுங்கள், இரண்டு பக்கம் போதும் என்று நான் வேலை பார்த்த ஆய்வகத்திலிருந்து கேட்டார்கள். 'போதும்' என்று யாராவது சொன்னால் எனக்கு அப்போதிலிருந்தே பிடிக்காது. அதனால் வந்த வினைதான் எல்லாம்.

அறுபதுகளின் கடைசி. அப்போது நம்மிடம் செயற்கைக்கோளும் கிடையாது, அதை மேலே ஏற்றிவிடுகிற ராக்கெட்டும் கிடையாது. ஆனால் மேலே போன பிறகு அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற கவலை மட்டும் நிறைய இருந்தது. கவலை நியாயமானதுதான். மேலே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. விட்டால் கிணற்றுத் தண்ணீரில் கிடக்கிற தேங்காய் மாதிரி உருண்டுகொண்டே இருக்கும். ஏரியல் ஒரு பக்கம், பூமி ஒரு பக்கம் என்றால் அனுப்பியும் பயனில்லை. இன்றைக்கு நீங்கள் உள்ளே சக்கரம் சுற்றவைத்துத் திருப்புகிறீர்கள். எங்களிடம் இருந்தது ஒரு காந்தத் துண்டு. பூமியே ஒரு பெரிய காந்தம். உள்ளே ஒரு காந்தத்தை வைத்துவிட்டால் செயற்கைக்கோள் தானாக வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். ஆட்டம் அடங்க மெல்லிய கம்பிகள் கொஞ்சம். கரண்டு வேண்டாம், சக்கரம் வேண்டாம்.

இந்த யோசனை ஒரு இளம் இஞ்சினியருடையது. ஒல்லியானவர். சோற்றைப் பிசைந்துகொண்டே கணக்குப் போட்டுச் சாப்பிட மறப்பவர். செயற்கைக்கோளுக்கு மாதிரியாக நான் செய்த அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவருடைய மூன்று வருஷம்.

சோதனை செய்ய இரும்பு இல்லாத, கரண்டு இல்லாத, லாரி ஓடாத இடம் வேண்டும். எங்கள் பெரியவர், அதாவது எங்களுக்கெல்லாம் மேலே இருந்த அதிகாரி, காம்பஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, கடைசியில் கொல்லிமலை மேல் குண்டூர் நாட்டில் ஒரு மேட்டு நிலத்தைப் பிடித்தார். அங்குலம் அங்குலமாகக் காம்பஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "சுத்தமான இடம்" என்றார். நான் மலை அடிவாரத்துக்காரன் என்பதால் கட்டுகிற வேலை என்னிடம் வந்தது. புறப்படும் முன் பெரியவர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: குடிசை ஒன்று, நூல் தொங்க மரச்சட்டம் ஒன்று, நூல் அறுந்தால் பெட்டி தரையில் விழாமல் தாங்க அதன் அடியில் ஒரு முக்காலி. "மர முக்காலி போதும் மேஸ்திரி" என்று வாயாலும் சொன்னார்.

நிலம் சடையன் என்பவருடையது. சாமையும் மரவள்ளியும் போடுவார், மிளகுக் கொடி நாலு வைத்திருந்தார். என்னைவிட மூத்தவர். எங்கள் விதி அவருக்குத்தான் முதலில் புரிந்தது. குடிசையிலிருந்து நூறு அடி தள்ளி ஒரு பலா மரம். அதைத் தாண்டி யாரும் இரும்பு கொண்டுபோகக் கூடாது. கொடுவாள், சாவி, பேனாக்கத்தி, தகர டப்பா எல்லாம் மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"ஏனுங்க மேஸ்திரி, உங்க சாமிக்கு இரும்பு ஆகாதுங்களா?" என்றார் சடையன், முதல் நாள்.

"சாமி இல்லீங்ண்ணா, மிஷினு."

"எங்க சாமிக்குச் செருப்பு ஆகாது, உங்க மிஷினுக்கு இரும்பு ஆகாது. பூசாரி மட்டும் ரெண்டு எடத்துலயும் வெரட்டறானுங்க" என்றார். பூசாரி என்றது என்னைத்தான்.

முக்காலிக்கு வருவோம். மர முக்காலி செய்ய எனக்கு அரை நாள் போதும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பேர்ப்பட்ட பெட்டிக்கு அடியில் பால் கறக்கிறவன் உட்கார்கிற மாதிரி ஒரு முக்காலியா? மலையில் பனி இறங்கினால் மரம் ஊறும், வெயிலில் சுருங்கும், கரையான் வேறு. கல் மேடை கட்டுவது என்று நானாக முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா?

பக்கத்தில் கிடந்த வெளிறிய கல் எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. அதன் உச்சியில் கருகருவென்று, கனமாக, தட்டினால் வெண்கலம் மாதிரி ஓசை தருகிற கல். பார்த்ததும் மனசு போய்விட்டது.

"அந்தக் கல்லு வேண்டாமுங்க" என்றார் சடையன்.

"ஏனுங்ண்ணா?"

"வருசா வருசம் இடி அதும்மேலதான் உழுகுது. நாங்க மாடுகூட அங்க கட்டறதில்ல."

"இடி உழுந்தும் ஒடையலீன்னா எவ்வளவு பெலமான கல்லு பாருங்க!"

சடையன் "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு மிளகுக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

கரட்டிலேயே வைத்து மூன்று கல் செதுக்கினேன். இரும்பு உளி குடிசைப் பக்கம் வரக் கூடாதே! செதுக்கும்போது உளி நுனியில் கருப்புத் தூள் ஒட்டிக்கொண்டு நின்றது. துடைத்தேன். மறுபடி ஒட்டியது. பனி ஈரம் என்று நினைத்துக்கொண்டு, வேட்டியில் துடைத்துத் துடைத்து வேலையை முடித்தேன். நாலு ஆள் காவடி போட்டுத் தூக்கிவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பூசினேன். இஞ்சினியர் வந்து பார்த்து, "முக்காலிதானே சொன்னாங்க?" என்றார். "இது முக்காலிக்கு அப்பன் சார்" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

பெட்டியைத் தொங்கவிட்டோம். பட்டு நூலானாலும் அதில் மிச்சம் மீதி முறுக்கு இருக்கும். பெட்டியைக் கட்டிவிட்டு, யாரும் கிட்டே போகாமல், முழுசாக ஒரு நாள் விட்டால்தான் முறுக்கு பிரிந்து பெட்டி தன் விருப்பத்துக்கு நிற்கும். மறுநாள் போய்ப் பார்த்தோம். பெட்டி முகத்தில் ஒரு பித்தளை ஊசி, எதிரே பலகையில் டிகிரிக்கு ஒன்றாகக் கோடுகள். உச்சி வெயில் நிழலை வைத்து இஞ்சினியர் கணக்குப் பண்ணிப் போட்ட கோடுகள். ஊசி நடுக்கோட்டில் நிற்க வேண்டும். பதினொரு கோடு தள்ளி நின்றது. ஆட்டிவிட்டுப் பார்த்தோம். ஆடி, அடங்கி, மறுபடி அதே பதினொன்று. தப்பைக்கூட அவ்வளவு ஒழுங்காகச் செய்தது அந்தப் பெட்டி.

இரும்பு எங்கேயோ இருக்கிறது என்றேன். தேடுகிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். போலீஸ்காரன் தோற்றான். இஞ்சினியரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, திருகாணியை எடுத்துவிட்டு நூலால் கட்டிக்கொடுத்தேன். சமையல்காரரின் தாயத்தை அறுத்துப் பிரித்தேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சடையனின் அரைஞாண் கயிறுவரை தடவிப் பார்த்தேன். "கோவணத்த மட்டும் உட்டுருங்க மேஸ்திரி, அதுல இரும்பு இல்லீங்க" என்றார்.

காம்பஸ் வைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம். பெட்டிக்குள் காந்தம் இருப்பதால் அதன் பக்கத்தில் காம்பஸ் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. ஆகவே வாசலில் வைத்துப் பார்த்தோம். சரியாகக் காட்டியது. நாலு மூலையிலும் பார்த்தோம். கிட்டத்தட்டச் சரி. பெட்டியை இறக்கிவிட்டு, அது தொங்கிய அதே இடத்தில் காம்பஸை வைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஆனால் இறக்கினால் மறுபடி முறுக்கு பிரிய ஒரு நாள் போகும். வெள்ளிக்கிழமை மதியம் பெரியவரும், தலைமை ஆபீஸிலிருந்து ஒரு மேலதிகாரியும் பார்க்க வருகிறார்கள். பெட்டி சரியாக நின்றால் காந்த வழி தொடரும். நிற்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் ஒரு நாளை வீணாக்க யாருக்கும் மனசில்லை. அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்க எட்டு நாள் தேடினோம்.

கடைசியில் இஞ்சினியர் தன் கணக்கையே சந்தேகப்பட ஆரம்பித்தார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து திருப்பினார். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

புதன்கிழமை, ஒரு முளை செதுக்கலாம் என்று பலா மரத்தடிக்குப் போய் உளியை எடுத்தேன். நல்ல வெயில். உளி காய்ந்து கிடக்கிறது. நுனியில் கருப்பாக ஒரு மீசை. ஊதினேன், போகவில்லை. விரலால் நீவினேன். மீசை இந்தப் பக்கம் சாய்ந்தது, விரலை எடுத்ததும் மறுபடி நிமிர்ந்து நின்றது.

ஈரத்துக்கு மீசை வராது என்று எனக்குத் தெரியும். வாசலில் இருந்த காம்பஸை எடுத்துக்கொண்டு கரட்டுக்குப் போனேன். அந்தக் கருப்புக் கல்லின் பக்கத்தில் வைத்ததும் முள் கள் குடித்தவன் மாதிரி சுற்றியது. இரும்பு ஊறிய கல். அதில் இடி விழுந்து விழுந்து ஊரிலேயே பெரிய காந்தமாக ஆகியிருக்கிறது. அதைத்தான் நான் பொறுக்கி எடுத்து, செதுக்கி, பெட்டிக்கு நேர் கீழே உட்காரவைத்திருக்கிறேன்.

அப்போது நான் என்ன செய்தேன் என்று எழுதுகிற இடம் வந்துவிட்டது. ஒன்றும் செய்யவில்லை. காம்பஸை எடுத்த இடத்தில் வைத்தேன். போய்ச் சாப்பிட்டேன், இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு இஞ்சினியரிடம் போய், "மேடை கொஞ்சம் கோணலா இருக்குதுங்க சார். எடுத்துட்டு முக்காலி போட்டுரலாமுங்களா?" என்றேன். கல் போய்விட்டால் பிழையும் போய்விடும், காரணம் யாருக்கும் தெரியாது. ஐந்தாம் வகுப்பு மூளை அவ்வளவு வேகமாக வேலை செய்தது.

அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மேடை நல்லா இருக்கு மேஸ்திரி. இங்க நம்பும்படியா நிக்கிறது அது ஒண்ணுதான்" என்றார்.

அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அவர் ஒரு கடிதம் எழுதினார். வருகிறவர்கள் இரவு அடிவார பங்களாவில் தங்குவார்கள். அவர்கள் மலையேறிச் சிரமப்பட வேண்டாம், காந்தக் கட்டையின் கணக்கில் தப்பு, பொறுப்பு தன்னுடையது என்று எழுதி, ஒட்டி, சடையன் கையில் கொடுத்தார். சடையன் அதைத் தலைத்துண்டில் செருகிக்கொண்டு இறங்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலை முதல் வளைவில் மறைந்தது. பிறகு அடுத்த வளைவில் தெரிந்தது, மறைந்தது.

என் வேலை தப்பித்தது. என் கல்லும் தப்பித்தது. குடிசைக்குத் திரும்பினால் இஞ்சினியர் பெட்டியைக் கட்டி எடுத்துப்போக வைக்கோல் விரித்துக்கொண்டிருந்தார். "உங்க வேலையில ஒரு குறையும் இல்லைன்னு தனியா எழுதியிருக்கேன் மேஸ்திரி" என்றார்.

ஓடினேன். மலைக்காரர் இறங்குகிற வேகத்துக்கு அடிவாரத்துக்காரன் ஓடுவது ஈடாகாது. மூன்று தரம் விழுந்தேன். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. கடைசியில் ஒரு ஓடைக்கரையில் அவர் கால் கழுவிக்கொண்டிருந்தபோது பிடித்தேன்.

"கடுதாசியக் குடுங்ண்ணா."

"அய்யா குடுத்ததுங்க. உங்ககிட்ட எப்பிடிக் குடுக்கறது?"

"அதுல எழுதியிருக்கறது தப்புங்ண்ணா. கணக்குல ஒண்ணுமில்ல. அந்தக் கல்லுதான்."

சடையன் அவசரப்படாமல் கால் கழுவி முடித்தார். "எந்தக் கல்லுங்க? அந்தப் பெலமான கல்லுங்களா?"

"அதேதானுங்க."

"இரும்பு ஆகாத சாமியக் கொண்டாந்து, இடி உழுந்த கல்லு மேல உக்கார வெச்சுப்போட்டு, என் கோவணத்தத் தடவுனீங்களே சாமி!" என்றார். துண்டிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். நான் வாங்கப் போனதும் கையைப் பின்னால் இழுத்தார். "மேல வந்து அய்யாகிட்டயே குடுக்கறேன். நீங்க வாங்கிட்டு நடுவழியில மனசு மாறிப்போட்டீங்கன்னா?"

என்னை அவ்வளவு சரியாக அளந்தவர் வேறு யாரும் இல்லை.

இஞ்சினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எப்பத் தெரியும்?"

"நேத்துங்க."

"நேத்தா?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் இதை எப்போதோ மறந்திருப்பேன்.

மேடையை எடுக்க வேண்டும். ஆனால் பெட்டியை இறக்கினால் ஒரு நாள் போய்விடும், நாளை மதியம் வந்துவிடுவார்கள். "பெட்டியத் தொட மாட்டேன், நூலத் தொட மாட்டேன், அடியிலிருக்கற கல்ல மட்டும் உருவிடறேன்" என்றேன். "விழுந்தா?" என்றார். "விழாது சார்." மூன்று வருஷத்தை என்னிடம் இரண்டாம் முறை நம்பிக் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தேன். மேடையைச் சுற்றிச் சாமை வைக்கோலைக் கட்டுக் கட்டாகக் குவித்தோம், நூல் அறுந்தால் தாங்க. கடப்பாரை ஆகாது. மூங்கிலும் மர ஆப்பும்தான். பெட்டிக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி நாலு விரல். நான் பூசிய சாந்து அசையவில்லை. அப்படிப் பூசியிருந்தேன்! என் வேலைத்தரத்தை நானே சபித்த நாள் அது ஒன்றுதான். தண்ணீர் ஊற்றி, ஆப்பு வைத்து, மரச்சுத்தியால் மெல்ல மெல்லத் தட்டி, மேல் கல் கொஞ்சம் இளகியபோது வெளியே பேச்சுக்குரல் கேட்டது.

வந்துவிட்டார்கள். பெரியவர் உள்ளே வந்தார். பின்னால் தலைமை ஆபீஸ் மேலதிகாரி, மேலே கோட்டு, கீழே சடையனின் வேட்டி. கால்சட்டையில் இரும்புக் கொக்கி இருந்ததால் பலா மரத்தடியில் சடையன் அவரை விடவில்லையாம்.

பெரியவர் வைக்கோலைப் பார்த்தார், ஆப்பைப் பார்த்தார், குப்புறக் கிடந்த என்னைப் பார்த்தார்.

"இது என்ன மேஸ்திரி?"

"மேடைங்க."

"யார் கட்டினது?"

"நானுங்க."

"எடுக்கிறது?"

"அதுவும் நானுங்க."

"நான் என்ன கேட்டேன்?"

"முக்காலிங்க."

மேலதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கல்லை எடு" என்றார். இஞ்சினியர் பலகைப் பக்கம் போய் நின்றார்.

சடையனும் நானுமாக மேல் கல்லை விரல் விரலாக வெளியே இழுத்தோம். பெட்டி லேசாக அசைந்தது. யாரும் தொடவில்லை. ஊசி நகர்ந்தது. போய், வந்து, போய், வந்து, கால் மணி நேரம் கழித்து அடங்கியது. "அஞ்சு" என்றார் இஞ்சினியர். இரண்டாவது கல்லை எடுத்தோம். "ரெண்டு." மூன்றாவது பாதி மண்ணில் புதைந்திருந்தது. கையால் தோண்டி, கயிறு கட்டி இழுத்து, வாசல் தாண்டி, பலா மரம்வரை உருட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு ஓடிவந்தேன். ஊசி நடுக்கோட்டுக்கு அரைக் கோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. இஞ்சினியர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, நூல் கட்டிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் என்னை வெளியே அழைத்துப்போய், "ஒரு நாள் சொல்லாம இருந்தியாமே" என்றார். "ஆமாங்க" என்றேன். "தப்பாக் கல் வெச்சதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். நானும் வெச்சிருக்கேன். அந்த ஒரு நாளுக்கு உனக்கு ஒரு தண்டனை உண்டு. அந்தக் கல்லுல சின்னதை நீயே சுமந்து கீழே கொண்டு வா" என்றார். சுமந்தேன். மலை முழுக்க. சடையன் வழி நெடுக, "பெலமான கல்லுங்க, பாத்துங்க" என்று சொல்லிக்கொண்டே கூட வந்தார்.

பிள்ளைகளே, கருவியைச் சந்தேகிக்கும் முன்பு அது நிற்கிற இடத்தைச் சந்தேகியுங்கள். இதை உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். தப்பு தெரிந்ததற்கும் அதைச் சொன்னதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போயிற்று என்பதையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அதை வகுப்பில் சொல்லித் தர மாட்டார்கள்.

அந்தப் பெட்டி வானத்துக்குப் போகவில்லை. அதற்குப் பின்னால் செய்தவை போயின. பெட்டி இப்போது ஆய்வக வாசலில் கண்ணாடிக்குள் இருக்கிறது, இஞ்சினியரின் பெயரோடு. அது நியாயம். பக்கத்தில் அந்தக் கல்லும் இருக்கிறது. புதிதாக வருகிற உங்களையெல்லாம் முதல் நாள் அதன் பக்கத்தில் காம்பஸ் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். முள் சுற்றுகிறது, நீங்கள் சிரிக்கிறீர்கள். கல்லுக்குக் கீழே ஒரு அட்டை: 'இயற்கைக் காரணத்தால் ஏற்பட்ட காந்தக் குறுக்கீடு.'

இதைத்தான் என்னால் ஏற்க முடியாது. இயற்கை அந்தக் கல்லைக் கரட்டு உச்சியில், யாருக்கும் தொந்தரவில்லாமல் வைத்திருந்தது. மாடுகூட அதன் பக்கம் போகவில்லை. அதைக் கீழே கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் வைக்க இயற்கையால் முடியாது. அதற்கு ஒரு தேர்ந்த கைவேலைக்காரன் வேண்டும். பெட்டிக்கு என் பெயர் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த அட்டையை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: 'வேண்டாம் என்று சடையன் சொன்ன கல். கேட்காமல் செதுக்கி வைத்தவர், தெரிந்தும் ஒரு நாள் சொல்லாமல் இருந்தவர், பிறகு பெட்டியைத் தொடாமல் எடுத்தவர்: மேஸ்திரி காளியப்பன்.'

நாலு வரிக்கு இடம் போதாது என்றால் அட்டையைப் பெரிதாக வெட்டுங்கள்.